கமோஷிதா கோட்டை: பாதியிலேயே எஸ்பி தீருது, மே 2-க்குள்ள முடியுமா?

#1 தொண்டி_துடுப்பு

பெர்சோனா 5 ராயல் வீடியோ கேம், முதல் அத்தியாயம் (கமோஷிதாங்கிற வாத்தியாரோட கோட்டை), நார்மல் மோடு. விளையாட்டுல இன்னைக்கு ஏப்ரல் 24. டீம் லெவல் 8. லைப்ரரி வரைக்கும் வந்தாச்சு, அங்க மூணு புத்தகம் கையில இருக்கு, எந்த அலமாரியில எது போகும்னு பிடிபடல. அதுக்குள்ள டீம்ல வைத்தியம் பாக்குற மோர்கனாவுக்கு எஸ்பி (வித்தை போடுற சக்தி) சுத்தமா இல்ல. தகேமிங்கிற டாக்டரம்மா கிளினிக்ல எஸ்பி ஏத்துற மருந்து எதுவும் காட்டல. இப்படியே வெளிய வந்துட்டா மறுபடி ஒரு நாள் போகும். கெடு மே 2. தெரிஞ்சவங்க சொல்லுங்கண்ணே.

#2 மண்டபம்_கரைவலை

தம்பி, பயப்பட வேண்டாம். 24-ல லைப்ரரின்னா நல்ல இடத்துலதான் நிக்கிறீங்க. ஆனா முதல்ல நாள் கணக்கைத் தெளிவா பிடிச்சுக்குங்க, ஏன்னா இந்த அத்தியாயத்துல தோத்துப் போறவங்கள்ல பாதிப்பேர் சண்டையில தோக்கல, காலண்டர்லதான் தோக்குறாங்க.

மே 2 வரைக்கும் கோட்டைக்குள்ள சுத்தலாம்னு அர்த்தம் இல்ல. பொக்கிஷ அறை வரைக்கும் வழி பிடிக்க ஒரு நாள். அப்புறம் காலிங் கார்டு (கமோஷிதாவுக்கு விடுற எச்சரிக்கைச் சீட்டு) அனுப்ப ஒரு நாள். கார்டு பள்ளிக்கூடத்துல ஒட்டுன அன்னைக்கே உள்ள போய் கமோஷிதாவை முடிக்கணும், அது ஒரு நாள். ஆக மூணு நாள் கையில இருக்கணும். கார்டு அனுப்பிட்டு "நாளைக்குப் போறேன்"னு தள்ளிப் போட முடியாது. அதனால 28-க்குள்ள வழி பிடிச்சுடணும்னு மனசுல வச்சுக்குங்க. அதுக்கு மேல இழுத்தா கழுத்துல கத்தி.

இப்ப எஸ்பி. நம்ம பக்கம் சங்கு குளிக்கப் போறவர் அடியில கிடக்கிற சங்கை எண்ணுறதுக்கு முன்னாடி தன் மூச்சை எண்ணுவார். மேல வர்றதுக்கு வேண்டிய மூச்சை வச்சுக்கிட்டுத்தான் கை நீட்டுவார். இங்கயும் அதேதான். ஒவ்வொரு வித்தைக்கும் விலை என்னன்னு தெரியணும்: மோர்கனாவோட காரு (காத்து) 3, தியா (வைத்தியம்) 3. ரியூஜியோட ஸியோ (மின்னல்) 4, ஆனோட அகி (நெருப்பு) 4, ஹீரோவோட பெர்சோனா (சண்டைக்கு அழைக்கிற உருவம்) ஆர்சேனோட எய்ஹா (சாபம்) 4. எதிரியோட பலவீனம் தெரிஞ்சா மட்டும்தான் இதுல ஒண்ணைச் செலவு பண்ணணும். தெரியாத எதிரி மேல நாலு பேரும் ஆளுக்கு ஒரு வித்தையைத் தூக்கி வீசுனா ஒரே சண்டையில 15 எஸ்பி காலி.

பலவீனத்துல அடிச்சா எதிரி விழுவான், அடிச்சவருக்கு இன்னொரு முறை கிடைக்கும். அந்த முறையைத் தானே வச்சுக்காம பேட்டன் பாஸ் பண்ணுங்க, அதாவது டீம்ல இன்னொருத்தருக்குக் கொடுங்க. வாங்குறவர் அடி கூடும். எதிரிங்க எல்லாரும் விழுந்துட்டா கூட்டுத் தாக்குதல், அதுக்கு எஸ்பி ஒண்ணுமே கிடையாது. ஆக, ஒரு சண்டைக்கு ரெண்டு வித்தை, ஒரு கூட்டுத் தாக்குதல். அதுக்கு மேல செலவாச்சுன்னா அந்த எதிரியை நீங்க இன்னும் புரிஞ்சுக்கலன்னு அர்த்தம்.

காயத்துக்குத் தியா போடுறதைச் சண்டைக்குள்ள மட்டும் வச்சுக்குங்க. சண்டை முடிஞ்சதும் மருந்துப் பொருளைக் கொடுங்க. தகேமிகிட்ட வாங்குற சாதாரண எச்பி (உயிர்) மருந்தே போதும், அதை நிறைய வாங்கிட்டு உள்ள போங்க. காசு மிச்சம் பிடிச்சு இந்த அத்தியாயத்துல எதையும் சாதிக்க முடியாது.

மோர்கனா எஸ்பி 15-க்கு வந்துட்டா, அதாவது அஞ்சு தியாவுக்குத்தான் மிச்சம்னா, பக்கத்து சேஃப் ரூமுக்கு (எதிரி வராத, சேவ் பண்ணுற அறை) திரும்பிடுங்க.

#3 தேவிபட்டினம்_ஒன்பது

மண்டபம் அண்ணன் சொன்னதெல்லாம் சரி. கூட ஒண்ணு: துப்பாக்கிக் குண்டைச் சேமிச்சு வைங்க. கோட்டைக்குள்ள தீர்ந்துட்டா வெளிய வந்தாத்தான் திரும்ப நிரம்பும்.

#4 மண்டபம்_கரைவலை

தேவிபட்டினம், அது 2016-ல ஜப்பான்லயும் 2017 ஏப்ரல்ல மத்த நாடுகள்லயும் வந்த பழைய பெர்சோனா 5. ராயல்ல மாத்திட்டாங்க. ஒவ்வொரு சண்டை முடிஞ்சதும் குண்டு தானா நிரம்பிடும். இது சின்ன விஷயம் இல்ல தம்பி, எஸ்பி பஞ்சத்துக்கு முக்கியமான மருந்தே இதுதான். பிக்ஸி, ஜாக்-ஓ-லான்டர்ன் மாதிரி எதிரிங்களுக்கெல்லாம் துப்பாக்கி பலவீனம். எஸ்பி ஒரு துளி செலவில்லாம விழவைக்கலாம். ஷிபுயாவுல ரியூஜி கூட்டிட்டுப் போற அந்த மாடல் துப்பாக்கிக் கடையில கொஞ்சம் காசைப் போட்டு எல்லாருக்கும் நல்லதா வாங்கிக் கொடுங்க.

அதே மாதிரி பேட்டன் பாஸும். பழசுல ஒவ்வொருத்தர் கூடவும் நட்பு வளத்தப்புறம்தான் வரும். ராயல்ல ஆரம்பத்துலயே இருக்கு. பழைய வீடியோ பாத்து விளையாடுறவங்க இந்த ரெண்டு இடத்துலயும்தான் வழி தவறுறாங்க.

#5 தேவிபட்டினம்_ஒன்பது

சரிண்ணே, பழைய பிஎஸ்4 கணக்குல சொல்லிட்டேன். தொண்டி, நான் எழுதினதை விட்டுருங்க.

#6 கீழக்கரை_வாடைக்காத்து

அஸ்ஸலாமு அலைக்கும். லைப்ரரி விஷயத்துக்கு வர்றேன்.

மூணு புத்தகம்: ராஜா புத்தகம், ராணி புத்தகம், அடிமை புத்தகம். அலமாரி வரிசையில மூணு இடத்துல ஒரு புத்தகம் உருவின மாதிரி காலியா இருக்கும். அந்தக் காலி இடத்துக்குப் பக்கத்துல நிக்கிற புத்தகங்களோட பேரைப் படிங்க, அதுலயே விடை இருக்கு. பக்கத்துல பொண்ணுங்க பேரா இருந்தா ராணி. பையன்க பேரா இருந்தா அடிமை. கமோஷிதா தன்னைத்தானே புகழ்ந்துக்கிற அலமாரியில ராஜா. மூணும் சரியா போச்சுன்னா சுவர் நகரும், உள்ள ஒரு ரகசிய அறை.

அந்த அறையை அவசரமா கடந்துடாதீங்க. சுவர் முழுக்க ஷிஹோங்கிற மாணவி படம். இந்த கமோஷிதா பள்ளிக்கூடத்தைத் தன் மனசுல எப்படி வச்சிருக்கான்கிறது அந்தப் புத்தக வரிசையிலயே இருக்கு: பையன்க அடிமை, பொண்ணுங்க தனக்கு, நடுவுல தான் ராஜா. வெறும் புதிரா வச்சிருந்தா ஒரு சாவியைத் தேடவிட்டிருப்பாங்க. புத்தகத்தை அடுக்க வச்சு அவன் புத்தியை நம்ம கையாலேயே தொடவைக்கிறாங்க.

மேல போனா ராமேஸ்வரம் மூணாம் பிரகாரம் மாதிரி ஒரே தோற்றத்துல தூண் தூணா வரும், திசை குழம்பும். அடிக்கடி மேப்பைத் திறந்து பாருங்க. கோபுரப் பக்கம் ஒரு சிலைக்கு ரெண்டு கண்ணும் இருக்காது. வலது கண் ஒரு காவலன்கிட்ட, இடது கண் இன்னொருத்தன்கிட்ட. ரெண்டையும் ஜெயிச்சு வாங்கிப் பதிச்சாத்தான் வழி. அந்தக் காவலர்களை முன்னாடி போய் முட்டாம, மறைவுல பதுங்கி, முதுகு திரும்பினப்பப் பிடிங்க. முதல் முறை நமக்குக் கிடைக்கும். அவன் நம்மளைப் பாத்துட்டா எச்சரிக்கை அளவு ஏறும். 100 ஆச்சுன்னா கோட்டையை விட்டே தள்ளிடுவாங்க, அந்த நாள் வீண்.

#7 தொண்டி_துடுப்பு

புத்தகம் பதிஞ்சிருச்சு காக்கா, ரொம்ப நன்றி. குதிரை மேல வர்ற பெரித் தான் எஸ்பியைக் குடிக்கிறான். எதை அடிச்சாலும் விழ மாட்டேங்குறான்.

#8 கீழக்கரை_வாடைக்காத்து

பெரித்துக்குப் பனி பலவீனம். இந்த அத்தியாயத்துல நம்ம நாலு பேர்ல யாருக்கும் சொந்தமா பனி வித்தை கிடையாது. ரியூஜி மின்னல், மோர்கனா காத்து, ஆன் நெருப்பு. அதனால ஹீரோவோட பெர்சோனாவுலதான் அதைக் கொண்டு வரணும். சில்கிங்கிற எதிரியைப் பிடிச்சுப் பெர்சோனாவா சேத்துக்குங்க, அதுகிட்ட புஃபு (பனி வித்தை) வரும். பிடிக்க வராட்டி வெல்வெட் ரூம்ல வேற பெர்சோனாக்களைக் கலந்து எடுங்க. பெரித் வந்தா ஹீரோ சில்கிக்கு மாறி ஒரு புஃபு, விழுந்தான், பேட்டன் பாஸ், அப்புறம் கூட்டுத் தாக்குதல். நாலு எஸ்பியில முடிஞ்ச கதை.

ஆர்சேனையே கட்டிக்கிட்டு கடைசி வரைக்கும் போற பழக்கம்தான் பெரிய தப்பு. பாக்க அழகு, ஒத்துக்கிறேன். ஆனா அவனுக்குப் பனியும் ஒளியும் பலவீனம். சர்ச் மாதிரி இருக்கிற அந்த மண்டபத்துல ஒளி வித்தை போடுற ஆர்க்கேஞ்சல் வர்றப்ப ஆர்சேனோட நின்னா ஹீரோ விழுவான். ஹீரோ செத்தா மத்த மூணு பேர் நின்னாலும் ஆட்டம் அவுட். அந்தக் கதவைத் திறக்குறதுக்கு முன்னாடியே வேற பெர்சோனாவுக்கு மாறிக்குங்க.

பிடிக்கிறதுக்கு ஒரு வார்த்தை: விழுந்தவன்கிட்ட பேசுறப்ப அவன் குணத்தைப் பாத்துப் பதில் சொல்லுங்க. கூச்ச சுபாவம்னா அன்பா, கலகலப்பானவன்னா வேடிக்கையா. ஏற்கனவே நம்ம கையில இருக்கிற பெர்சோனாவே எதிரியா வந்தா அவன் திரும்பச் சேர மாட்டான்.

#9 பாம்பன்_நாட்டுப்படகு

எல்லாரும் இவ்வளவு சொல்றீங்க, நான் வேற மாதிரி சொல்றேன். ரெண்டு மூணு தடவையா போகாம ஒரே நாள்ல முழுக் கோட்டையையும் முடிக்கணும். ஒரு தடவை உள்ள போனா சாயங்காலம் முழுசும் போயிடுது. அந்த நாள்ல ரியூஜி கூடப் பழகலாம், தகேமியைப் பாக்கலாம், படிக்கலாம். முதல் அத்தியாயத்துல மிச்சம் பிடிச்ச ஒவ்வொரு நாளும் டிசம்பர்ல வட்டியோட திரும்பி வரும்.

#10 மண்டபம்_கரைவலை

பாம்பன், இதை ரெண்டாவது தடவை விளையாடுறவங்களுக்கு நான் முழுசா ஒத்துக்கிறேன். முதல் தடவைக்கு மாட்டேன். ஒரே நாள்ல முடிக்க எந்த எதிரிக்கு எது பலவீனம்னு மனப்பாடமா தெரியணும். தெரியாதவர் அதைத் தேடவே பாதி எஸ்பியைச் செலவு பண்ணுவார், அது தப்பும் இல்ல. தம்பி லெவல் 8-ல நிக்கிறார். 10-க்குக் கீழ கமோஷிதா முன்னாடி நின்னா திணறும். ரெண்டாவது தடவை உள்ள போறதுலதான் அந்த லெவல் வரும். அதோட மெமெண்டோஸ் (லெவல் ஏத்துற வேற இடம்) இன்னும் திறக்கல, அது இந்த அத்தியாயம் முடிஞ்சப்புறம்தான். இப்போதைக்கு லெவல் ஏத்த கோட்டையை விட்டா வேற இடமே கிடையாது.

#11 பாம்பன்_நாட்டுப்படகு

மெமெண்டோஸ் இல்லாததை நான் கணக்குல எடுக்கல. சரி, தம்பிக்கு ரெண்டு தடவையே நல்லது. ஆனா நடுவுல கிடைக்கிற நாளை வீணாக்காதீங்க. தகேமி உறவு மேல போக துணிச்சல் 2 வேணும், அதுக்கு வழி பாருங்க. அவங்ககிட்ட பிற்பாடு எஸ்பி ஒட்டுப்பட்டை கிடைக்கும், போட்டுக்கிட்டா ஒவ்வொரு முறையும் எஸ்பி ஊறும். இந்த அத்தியாயத்துக்குள்ள அது கைக்கு வராது. இப்ப விதை போட்டா அடுத்தடுத்த அரண்மனையில (அடுத்த அத்தியாயங்கள்ல வர்ற இந்தக் கோட்டை மாதிரி இடங்கள்) அறுவடை. வகுப்புல வாத்தியார் கேள்வி கேட்டா விட்டுடாதீங்க, சரியா சொன்னா அறிவு ஏறும். நாலு வண்ணத் தேற்றம் பத்தி ஒரு கேள்வி வரும். எந்த மேப்பையும், ஒட்டியிருக்கிற ரெண்டு பகுதிக்கு ஒரே நிறம் வராம, நாலே நிறத்துல தீட்டிடலாம்கிறதுதான் அது. ஆப்பெலும் ஹாக்கனும் 1976-ல கம்ப்யூட்டர் வச்சு நிரூபிச்சது. விளையாட்டுல அந்தப் பேரை மட்டும் சொன்னா போதும்.

#12 தேவிபட்டினம்_ஒன்பது

எஸ்பிக்கு சோல் டிராப்னு ஒண்ணு வருமே, அதைச் சொல்லலையே யாரும்? ஒண்ணுக்கு 10 எஸ்பி. பெட்டியிலயும் எதிரிகிட்டயும் கிடைக்கும். வழி பிடிக்கிறப்பத் தொடாதீங்க, கமோஷிதாவுக்குன்னு எடுத்து வைங்க.

#13 மண்டபம்_கரைவலை

இது சரியான பேச்சு. கூடவே வில் சீடுங்கிற விதையும். ராயல்ல ஒவ்வொரு அரண்மனையிலயும் மூணு ஒளிஞ்சிருக்கும், இங்க சிவப்பு, பச்சை, நீலம். எடுத்த உடனே டீமுக்குக் கொஞ்சம் எஸ்பி ஏறும், அதனால எஸ்பி நிறைஞ்சிருக்கிறப்ப அதை எடுத்து வீணாக்காதீங்க. இடத்தைப் பாத்து வச்சுக்கிட்டு, வறண்டப்புறம் போய் எடுங்க. மூணும் சேந்தா ஒரு அணிகலன் ஆகும். சில இடத்துக்குக் கொக்கிக் கயித்துல தாவித்தான் போகணும், மூணாம் கண்ணை (மறைஞ்சதைக் காட்டுற பார்வை) திறந்து மேலயும் பாருங்க. கமோஷிதா விழுந்தா கோட்டையே மறைஞ்சிடும். விட்டதை எடுக்க அப்புறம் உள்ள போக முடியாது. பூட்டின பெட்டியும் அதே கதி, சாவிக் கம்பியை ராத்திரி மேசையில உக்காந்து முன்னாடியே செஞ்சு வச்சுக்குங்க.

#14 தொண்டி_துடுப்பு

இன்னொரு சிக்கல். இங்க கரண்ட் திடீர் திடீர்னு போகுது. சேஃப் ரூமுக்கும் சேஃப் ரூமுக்கும் நடுவுல போனா எல்லாம் போச்சு. இன்வெர்ட்டர் இருந்தும் பிஎஸ்4 அணைஞ்சு திரும்ப எழுந்திருக்குது.

#15 பாம்பன்_நாட்டுப்படகு

இன்வெர்ட்டர்ல ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், நார்மல் ஒரு பக்கம், யுபிஎஸ் ஒரு பக்கம். நார்மல்ல இருந்தா லைன் மாறுற அந்த நொடிக்குள்ள கன்சோல் அணைஞ்சிடும். ஃபேனுக்கும் லைட்டுக்கும் அது தெரியாது, கன்சோலுக்குத் தெரியும். யுபிஎஸ் பக்கம் தள்ளிப் பாருங்க. அதுலயும் அணைஞ்சா கம்ப்யூட்டருக்கு வைக்கிற தனி யுபிஎஸ் தான்.

அப்படியே உப்புக்காத்தையும் சொல்லிடுறேன். கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரா கன்சோலை வைக்காதீங்க. எச்டிஎம்ஐ முனையில பச்சையா பூத்திருந்தா அது உப்பு அரிப்பு, படம் விட்டு விட்டு வரும். கேபிளைக் கழட்டி முனையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்ல துடைச்சு, நல்லா காஞ்சப்புறம் சொருகுங்க. துணி போட்டு மூடுறது நல்லதுதான், ஆனா அணைச்சு சூடு ஆறினப்புறம். ஓடுறப்ப மூடாதீங்க.

#16 கீழக்கரை_லாத்தா

ஒரு விஷயத்தை யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். வீட்டில் தம்பி தங்கைகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். இந்த அத்தியாயத்தில் ஓர் ஆசிரியர் மாணவர்களை அடிக்கிறார், மாணவிகளிடம் தவறாக நடக்கிறார், ஒரு பெண் மாடியிலிருந்து குதிக்கிறாள். ஐரோப்பாவில் 16 வயதுக்கு மேல் என்றும், அமெரிக்காவில் முதிர்ந்தவர்களுக்கு என்றும் இந்த விளையாட்டுக்கு முத்திரை குத்தியிருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது அந்தக் காட்சிகளை விளையாட வேண்டாம்.

பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து பார்ப்பதை மட்டும் நான் தடுக்க மாட்டேன். கமோஷிதாவின் கோட்டை எதனால் நிற்கிறது என்று கவனியுங்கள். அவன் ஒலிம்பிக் பதக்கக்காரன், பள்ளிக்குப் பேர் வாங்கித் தருகிறவன். முதல்வருக்குத் தெரியும், பெற்றோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. மாணவன் மிஷிமாவின் முகத்தில் காயம் இருக்கும், ஆனால் பயிற்சியில் பட்டது என்று அவனே சொல்வான். அந்த ஒரு வரியைத் தாண்டி ஓடிவிடாதீர்கள். அடி வாங்கிய பிள்ளை எப்படிப் பேசும் என்பதை அவ்வளவு சரியாக எழுதியிருக்கிறார்கள்.

நம் நாட்டில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு பள்ளியில் அடிப்பதையும் மனதைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. 2012 போக்சோ சட்டம் இருக்கிறது. 1098 என்ற எண்ணுக்கு எந்தப் பிள்ளையும் காசில்லாமல் அழைக்கலாம். விளையாட்டில் காலிங் கார்டு அனுப்புகிறார்கள், நம் பிள்ளைகளுக்கு இந்த நம்பர் தெரிந்திருக்கட்டும்.

#17 மண்டபம்_கரைவலை

லாத்தா எழுதினதை எல்லாரும் படிங்க. நன்றி லாத்தா.

#18 தொண்டி_துடுப்பு

படிச்சேன் லாத்தா, தங்கச்சி தூங்கினப்புறம்தான் இனி போடுவேன். இன்வெர்ட்டர் சுவிட்ச் நார்மல்லதான் இருந்துச்சு, மாத்திட்டேன், இப்ப அணையல.

கடைசியா கமோஷிதாவை எப்படி அடிக்கிறதுன்னு சொல்லுங்க. அவன் தலையில இருக்கிற கிரீடத்தை எடுக்க ஆள் அனுப்பணும்னு கேள்விப்பட்டேன், யாரை அனுப்பறது?

#19 மண்டபம்_கரைவலை

வரிசையா சொல்றேன்.

அவனுக்கு எந்த வித்தையும் பலவீனம் கிடையாது. அதனால விழவச்சு கூட்டுத் தாக்குதல் போடுற வழக்கம் இங்க செல்லாது. வித்தையைச் சிக்கனமா போட்டு, ரியூஜியோட உடல் வித்தையை அதிகம் வாங்குங்க. அது எச்பியைத்தான் தின்னும், எஸ்பியை இல்ல.

கொஞ்சம் அடி வாங்கினதும் முன்னாடி இருக்கிற தங்கக் கோப்பையிலேர்ந்து எடுத்துத் தின்னு எச்பியை ஏத்திக்குவான். இதுலதான் புதுசா வர்றவங்க மாட்டுறாங்க. அவனையே அடிச்சுக்கிட்டு இருப்பாங்க, அவன் தின்னுக்கிட்டே இருப்பான், நம்ம எஸ்பி கரையும். கோப்பையைத் தனியா குறி வைக்கலாம். ஒருதடவை தின்னுட்டான்னா உடனே எல்லா அடியையும் கோப்பை மேல திருப்புங்க. அது உடைஞ்சா அவனுக்கு வேற வைத்தியம் இல்ல.

உடைஞ்சதும் வெறி பிடிக்கும், அடி பலமாகும். ராயல்ல மிஷிமா, ஷிஹோ உருவத்தை எல்லாம் வரவழைச்சு வாலிபால் ஸ்பைக் அடிப்பான். பெருசா அடிக்கப் போறான்னு அறிவிப்பு வந்தா பேராசைப்படாதீங்க, நாலு பேரும் அடிக்காம தற்காப்பு (guard) எடுங்க. ஒரு முறை அடிக்காம விட்டதால யாரும் தோக்கல.

அப்புறம்தான் கிரீடம். ஒருத்தரைப் பதுங்கிப் போகச் சொல்லும். மோர்கனாவை அனுப்பாதீங்க, வைத்தியம் போயிடும். ரியூஜியையோ ஆனையோ அனுப்புங்க, அந்த நேரத்துல யாருக்கு எஸ்பி கம்மியோ அவங்க. போனவர் சில முறைக்குத் திரும்ப மாட்டார். அதுவரைக்கும் மூணு பேரும் அடிச்சு அவன் கவனத்தை இங்கயே வச்சுக்கணும். அனுப்புறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் எச்பியை நிரப்பிடுங்க. கிரீடம் விழுந்துச்சுன்னா அவன் தளர்ந்துடுவான், மிச்சத்தை அடிச்சு முடிங்க.

தேவிபட்டினம் சொன்ன சோல் டிராப் இங்கதான். ஹீரோ எச்பி பாதிக்குக் கீழ போனா வேற எந்த வேலையும் வேண்டாம், அவனுக்கு மருந்து.

#20 பாம்பன்_நாட்டுப்படகு

கார்டு ஒட்டுன அன்னைக்கு வாசல்லேர்ந்து நடக்க வேண்டாம். சேஃப் ரூம் விட்டு சேஃப் ரூம் தாவலாம், பொக்கிஷ அறைக்குப் பக்கத்துல இருக்கிறதுக்கு நேரா போயிடுங்க. வழியில ஒரு சண்டையும் வேண்டாம், முழு எஸ்பியோட நிக்கணும்.

#21 தொண்டி_துடுப்பு

சரிண்ணே. இன்னைக்கு 24, இதோட வெளிய வந்துடறேன். 25 கடைக்கும் கிளினிக்குக்கும் போயிட்டு துப்பாக்கியும் மருந்தும் வாங்குறேன். அன்னைக்கே ரியூஜியையும் பாக்குறேன். 26 சில்கியோட உள்ள போய் மூணு சீடும் எடுத்து வழி பிடிக்கிறேன். 27 கார்டு. 28 சண்டை. சரியா வருமா?

#22 மண்டபம்_கரைவலை

சரியா வரும். 26-ல வழி பிடிக்க முடியாட்டி 28 வரைக்கும் உங்களுக்கு இடம் இருக்கு, அவசரப்பட்டு வறண்ட எஸ்பியோட சர்ச் கதவைத் திறக்காதீங்க. 26 போறதுக்கு முன்னாடி ராத்திரியே சாவிக் கம்பி செஞ்சுடுங்க.

#23 கீழக்கரை_வாடைக்காத்து

ஜெயிச்சப்புறம் அந்தக் கிரீடம் நிஜ உலகத்துல ஒரு ஒலிம்பிக் பதக்கமா கைக்கு வரும் தம்பி. அதே துப்பாக்கிக் கடையில 30,000 யென்னுக்குப் போகும்.

#24 தொண்டி_துடுப்பு

சில்கி சேந்துருச்சு காக்கா.  புஃபுவை 26 முதல் ஒரு மணி நேரத்துல போட்டுப் பாத்துக்கிறேன்.